பெயர் வைக்கப்படாத வளைகம்பி

தகட்டுக்காரரின் சகலை வைத்திருந்த பழைய ராணுவ ஆம்புலன்ஸில், இடப்பக்கப் பின் சக்கரத்துக்கு மேலே இருந்த இரும்பு வளைகம்பியை யார் பிடித்தாலும், மறுபக்கத்திலிருந்து ஒரு கை அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டது. மறுபக்கம் என்று அங்கே எதுவும் இல்லை. கம்பிக்குப் பின்னால் வண்டியின் தகரச் சுவர், சுவருக்கு உள்ளே இரண்டு போல்ட் முனைகள், அவற்றைக் கவ்விய இரண்டு நட்டுகள், அவ்வளவுதான். இதை முதலில் கண்டுபிடித்தது சகலையின் மனைவி. புதுப் பெயின்ட் காய்ந்த பிறகு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவள், கம்பியைச் சுற்றித் துணியை விட்டபோது யாரோ தன் விரல்களைப் பற்றிக்கொண்டதை உணர்ந்தாள். கத்தவில்லை, வேலை பாதியில் இருந்தது. துணியை மறுகைக்கு மாற்றி மிச்சத்தையும் துடைத்து முடித்துவிட்டு, இங்கே யாரோ கையைப் பிடித்திருக்கிறார்கள், கொஞ்சம் வந்து பாருங்கள் என்று கணவனைக் கூப்பிட்டாள். அவர் வந்து பிடித்துப் பார்த்தார். நல்ல கையாகத்தான் தெரிகிறது என்றார்.

அந்தக் கை எதையும் சொல்லவில்லை. வரப்போகும் நல்லது கெட்டதைக் காட்டவில்லை, நோயைத் தீர்க்கவில்லை, தொலைந்த பொருளைத் தேடித் தரவில்லை. பிடித்தது, அவ்வளவே. வலிக்கும்படி இறுக்காமல், நழுவவும் விடாமல், கூட்டத்தில் நம்மைத் தவறவிட்டுவிடக் கூடாது என்று நினைப்பவர் பிடிப்பதுபோல் பிடித்தது. நாம் கையை எடுத்தால் ஒரு கணம் தாமதித்துத்தான் விட்டது. அந்த ஒரு கணத்துக்காகவே பலர் திரும்பத் திரும்ப வந்தார்கள். வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறவர்கள் வந்தார்கள். ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கப் போகிறவர்களும், வாங்கிக்கொண்டு வந்தவர்களும் வந்தார்கள். சண்டை போட்ட கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியே வந்து, பட்டறை வாசலில் எதிரெதிரே மாட்டிக்கொண்டு, சண்டையை எந்த இடத்தில் விட்டோம் என்று மறந்து சேர்ந்தே வீட்டுக்குப் போனார்கள். சகலை யாரையும் தடுக்கவில்லை. வெயிலில் நிற்கிறார்களே என்று மிச்சமிருந்த கித்தானை இழுத்துக் கட்டி நிழல் செய்தார். குடிக்கத் தண்ணீர் வைத்தார். அவர் அடிப்படையில் கித்தான் தைக்கிறவர். லாரிகளுக்கு மேல்போர்வை தைத்துக்கொண்டிருந்த மனிதர். பழைய வண்டி ஒன்றைப் பிரித்து, துரு எடுத்து, மறுபடி பூட்டியது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

அந்த முதல் தடவை என்பதுதான் தகட்டுக்காரருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. தகட்டுக்காரரும் சகலையும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். தகட்டுக்காரர் மூத்தவர். பழைய ராணுவ வண்டிகளைப் புதுப்பிக்கும் அந்த ஊர்ச் சங்கத்தில் அவர் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. இப்படிப்பட்ட வண்டிகளைப் பிரித்தால், பெயின்டுக்கும் துருவுக்கும் அடியிலிருந்து என்னவென்றே தெரியாத கொக்கிகளும் கவ்விகளும் தாங்கிகளும் கிளம்பும். எந்தப் படத்திலும் இருக்காது, வேறெந்த வண்டியிலும் இருக்காது. தெரியாத சாமானைத் தூக்கிப் போடக் கூடாது, இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தகட்டுக்காரர் வருவார். உப்புத்தாளால் ஓர் ஓரத்தைத் தேய்த்து, பெயின்ட் அடுக்குகளை மரத்தின் வளையங்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். போல்ட் துளைகளின் இடைவெளியை விரலால் அளப்பார். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எதன் எடையைத் தாங்கி வளைந்திருக்கிறது என்று யோசிப்பார். பின்பு பெயரைச் சொல்வார். அந்தப் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து, சாமானுக்குக் கீழே ரிவெட் அடித்துவிடுவார்கள்; தகட்டுக்காரர் என்ற பெயர் அவருக்கு அதனால் வந்ததுதான்.

தகடு ஏறியதும் சாமான் அந்த வேலையைச் செய்ய ஆரம்பித்துவிடும். இதில் யாருக்கும் ஆச்சரியம் இருந்ததில்லை. ஒரு ஜீப்பின் பக்கவாட்டில் இருந்த கவ்வியை மண்வெட்டி மாட்டுவது என்று அவர் சொன்ன வாரமே, தெருவில் இரவல் போய்த் திரும்பாத மண்வெட்டிகளெல்லாம் ஒவ்வொன்றாக அதில் வந்து மாட்டிக்கொண்டன. அரிக்கேன் விளக்குத் தாங்கி என்று தகடு ஏறிய வளையத்துக்குக் கீழே உட்கார்ந்தவர்கள் சட்டையில் மண்ணெண்ணெய் மணந்தது. சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். எதையும் பிடுங்கிப் பார்த்துவிட வேண்டும் என்ற குணமுள்ளவர். அவர்கூடத் தகட்டுக்காரர் வந்து பார்க்கும்வரை ஸ்பேனரைத் தொட மாட்டார். தெரியாது என்ற சொல்லைத் தகட்டுக்காரர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவர் சொந்தப் பட்டறையில் ஒரு கவச வண்டி நின்றது. அதில் பெயரில்லாத சாமான் ஒன்றுகூடக் கிடையாது. உடம்பெல்லாம் தகடு மின்னும். இப்போது அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. வருகிறவர்களும், சகலை வீட்டுக்கு இப்படிப் போகலாமா என்று வழி கேட்கத்தான் வந்தார்கள்.

அவர் வழி சொன்னார். சரியான வழியைத்தான் சொன்னார். அந்த அளவுக்கு நல்லவர். ஆனால் சொல்லும்போது வயிற்றில் புளித்தது. மாலை நேரத்தில் சகலை வீட்டுப் பக்கம் நடந்து, வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்தார். செருப்புகள் அதிகமாக இருந்த நாளில் சாப்பாடு இறங்கவில்லை. குறைவாக இருந்த நாளில், உள்ளே வேறு வாசல் திறந்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டார். பொறாமையைக் கடவுள் குற்றங்களோடு சேர்க்காமல் காய்ச்சலோடுதான் சேர்த்து வைத்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஏனென்றால் அது வந்தவருக்குத்தான் முதலில் வாய் கசக்கிறது.

சகலை அவரைக் கூப்பிடாமலும் இல்லை. அண்ணே வந்து பார்த்துப் பெயர் சொன்னால்தான் வண்டி முடிந்த மாதிரி என்று, பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் தகட்டுக்காரர் உப்புத்தாளும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாகப் போனார். வரிசையில் நின்றவர்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள். கம்பி ஒரு சாண் நீளம். ஏறிக்கொள்ளப் பிடிப்பதற்கு மிகத் தாழ்வு, கால் வைப்பதற்கு மிக உயரம். பச்சைக்கு அடியில் செம்பூச்சு, அதற்கும் அடியில் தொழிற்சாலைச் சாம்பல் நிறம். வண்டி பிறந்தபோதே கூடப் பிறந்த கம்பிதான், பிறகு யாரும் ஒட்டவைத்ததில்லை. மேல்பூச்சுகளைத் தேய்த்து எடுத்துக் கண்ணாடியை நெருக்கிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சாம்பல் பூச்சு தேய்ந்திருந்தது கம்பியின் உட்பக்கத்தில், சுவரைப் பார்த்த பக்கத்தில், நான்கு விரல்கள் அருகருகே பதிகிற அகலத்துக்கு. வெளியிலிருந்து பிடிக்கிறவர் விரல் மடங்கும் திசையில் இல்லை அந்தத் தடம்; சுவருக்குள்ளிருந்து நீண்ட கை பதித்ததுபோல் இருந்தது, அங்கே ஒரு மனிதக் கை நுழைந்து திரும்ப இடமே கிடையாது. பார்த்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடியைப் பையில் போட்டுவிட்டு, எல்லோரும் பார்க்கக் கம்பியைப் பிடித்தார்.

இரும்பு. குளிர்ந்த, நேர்மையான, வெறும் இரும்பு. மாற்றிப் பிடித்தார். வியர்வையைத் துடைத்துவிட்டுப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டும் பிடித்தார். அவருக்குப் பின்னால் நின்ற காய்கறிக்காரர், கொஞ்சம் தள்ளுங்க என்று சொல்லி ஒரு விரலை வைத்ததுமே முகம் கனிந்து, இருக்கு இருக்கு என்றார். இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது, அவசரப்பட முடியாது என்று தகட்டுக்காரர் சொல்லிவிட்டு வெளியே வந்தார். சகலை வாசல்வரை கூடவே வந்து, பேச்சோடு பேச்சாக, “அக்கா நேத்தும் வந்திருந்தாங்க அண்ணே. தினம் வராங்க. அவங்க வர்ற நேரத்துக்கு நாங்க வரிசையை விலக்கி வெச்சிடுவோம்” என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான்.

தன் மனைவி தினமும் ஒரு கையைப் பிடிக்கப் போகிறாள் என்பதைத் தகட்டுக்காரர் இப்படித்தான் தெரிந்துகொண்டார். வீட்டுக்குப் போனதும் கேட்கவில்லை. கை கழுவினார், சாப்பிட்டார், ஒரு திருகாணியை எண்ணெயில் போட்டு வெகுநேரம் துடைத்தார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டார்.

“யாரு கைன்னு உனக்குத் தோணுது?”

“நான் கேக்கலையே.”

“கேக்க வேண்டாம். ஆம்பளைக் கையா, பொம்பளைக் கையா?”

“கை.”

“பெருசா, சின்னதா?”

“அளவெடுக்க நான் என்ன வளையல் கடையா வெச்சிருக்கேன்?” என்றாள். பிறகு வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, கோபமில்லாமல் சொன்னாள்: “உங்க கையில எப்பவும் ஏதாவது ஒரு இரும்பு இருக்கு. நான் போய் இரும்பைப் பிடிச்சா அதுல ஒரு கை இருக்கு. அவ்வளவுதாங்க விஷயம்.”

அவர் கையில் அப்போதும் திருகாணி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் சொன்னதில் பாதிதான் அவர் காதில் விழுந்தது. ஒரு கை இருக்கு என்ற பாதி. அது முரட்டுக் கையாக இருக்குமா, மிருதுவான கையாக இருக்குமா, நகம் வெட்டியிருக்குமா, மோதிரம் போட்டிருக்குமா என்று அந்த வாரம் முழுக்க யோசித்தார். சந்தையில் எதிரே வந்த ஆண்களின் கைகளையெல்லாம் பார்த்தார். பல் டாக்டரின் கை கொஞ்சம் அதிகமாகவே சுத்தமாக இருப்பதாக அவருக்குப் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் சகலையின் பட்டறையில் கூடியது. தகட்டுக்காரர் கம்பிக்கு முன்னால் நின்று, இது கித்தான் கயிறு கட்டுகிற வளைவு என்று சொன்னார். ஆம்புலன்ஸின் மேல்போர்வை காற்றில் பறக்காமலிருக்க அந்தக் காலத்தில் இப்படி ஒன்று வைப்பதுண்டு, வேறொன்றுமில்லை என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன முதல் பொய்ப் பெயர் அது. அந்த விரல் தேய்மானத்தை எந்தக் கயிறும் உண்டாக்கியிருக்க முடியாது என்று அவருக்கே நன்றாகத் தெரியும். கூட்டத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் ஓடியது. ஆனால் தகட்டுக்காரர் சொல்லியாகிவிட்டது. சகலை மட்டும் முகமெல்லாம் சிரிப்பானார். “பாத்தீங்களா, சுத்திச் சுத்தி என் தொழிலுக்கே வந்து சேந்திருச்சு” என்று சொல்லி, பொறித்த தகட்டை வாங்கித் தன் கையாலேயே ரிவெட் அடித்தார். அடித்து முடித்து, வழக்கம்போல் கம்பியைப் பிடித்தார். பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் டீ ஊற்றப் போனார்.

மறுநாள் காலையில் கம்பியில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அழுத்தமான, இறுக்கமான முடிச்சு. சகலை அவிழ்த்து எறிந்தார். அதற்கும் மறுநாள் வேறொரு கயிறு இருந்தது. பிறகு தினமும் இருந்தது. கை வரவில்லை. வரிசையில் வந்தவர்கள் கயிற்றுக்கு மேலாகக் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சகலை மனம் நோகக் கூடாது என்று தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு தண்ணீர் குடிக்கவும் வரவில்லை. வாசலில் சகலை குடும்பத்துச் செருப்புகள் மட்டும் கிடந்தன. தகட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வந்து, நெடுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். அந்தச் சந்தோஷம் ஒரு டீ ஆறுகிற நேரம் இருந்தது. அதன்பிறகு, தன் மனைவி வழக்கமான நேரத்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவதைப் பார்த்தார்.

கை இல்லாத இடத்துக்கு இவள் ஏன் போகிறாள்? கையின் சொந்தக்காரன் வேறெங்காவது நிற்கிறானோ என்ற எண்ணம் வந்தபோது அவருக்கே அவமானமாக இருந்தது; அவமானத்தோடேயே பின்னால் நடந்தார். நல்ல வெயில். அவள் திரும்பிப் பார்க்காமல் தங்கை வீட்டுப் பட்டறைக்குள் போனாள். அவர் கித்தான் சுருளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பட்டறையில் வேறு யாரும் இல்லை. அவள் ஆம்புலன்ஸின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அன்றைய முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி நெகிழ்த்தி அவிழ்த்தாள். கயிற்றைச் சுருட்டி ஓர் ஓரமாக வைத்தாள். அங்கே ஏற்கெனவே பல சுருள்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. கயிறு அழுத்திய தடத்தைத் துணியால் துடைத்தாள். பிறகு, காய்ச்சலில் படுத்திருப்பவரின் முதுகைத் தடவிக் கொடுப்பதுபோல், கம்பியை இரண்டு தடவை தடவிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

தகட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். எதற்காக வந்தாய் என்று கேட்க நினைத்திருந்தது, இதை எதற்காகச் செய்கிறாய் என்று வாயில் வந்தது.

“இத்தனை நாள் அது வந்தவங்க போனவங்க கையையெல்லாம் பிடிச்சுது” என்றாள் அவள். “இப்ப அதுக்கு ஏதோ முடியாம போயிருச்சு. நாம வந்து பாக்க வேண்டாமா?”

அவர் பொய் சொன்னதை அவள் அறியவில்லை. அறிந்திருந்தால் திட்டியிருப்பாள், அவருக்கும் சுலபமாக இருந்திருக்கும். அங்கேயே, சுருட்டி வைத்த கயிறுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எல்லாவற்றையும் சொன்னார்: கண்ணாடியில் பார்த்த விரல் தேய்மானத்தை, தனக்கு மட்டும் இரும்பாக இருந்ததை, சந்தையில் கைகளைப் பார்த்துக்கொண்டு நடந்ததை. பல் டாக்டரையும் விடாமல் சொன்னார். அந்த இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அழுதாள். டீ கொண்டு வந்த சகலை பாதியிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றார். சொல்லி முடித்ததும் தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, “கேட்டிருந்தா வண்டியையே குடுத்திருப்பேனே அண்ணே” என்றார். தகட்டுக்காரர் அந்த டீயைக் குடித்து முடிக்க வெகுநேரமானது. அடி வாங்கியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

சங்கம் கூடியபோது அவர் எழுந்து நின்று, அந்தக் கம்பி என்னவென்று எனக்குத் தெரியாது, நான் சொன்ன பெயர் பொய் என்றார். ஏன் பொய் சொன்னார் என்பதையும் சொன்னார். இவ்வளவு காலமும் ஒரு சாமானைக்கூடத் தவறாகச் சொன்னதில்லை என்று சேர்த்துச் சொல்ல நினைத்தார். உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் அதை யார் கேட்பார்கள் என்று உட்கார்ந்துவிட்டார். அவர் உட்காரும்போதே வெளியே நின்ற ஜீப்பின் கவ்வியிலிருந்து மண்வெட்டிகள் தடதடவென்று கீழே விழுந்தன. அரிக்கேன் விளக்குத் தாங்கியின் மண்ணெண்ணெய் வாசனை அன்றோடு போயிற்று. ஊரில் அவர் பெயர் சொன்ன சாமான்களெல்லாம் தங்கள் பெயரைச் சந்தேகிக்க ஆரம்பித்து, வேலையை நிறுத்தின. பல் டாக்டர் தன் சுத்தமான கைகளைப் பார்த்துக்கொண்டே, சங்கத்தில் இனிமேல் பெயர் சொல்வதைக் குழுவாக உட்கார்ந்து செய்யலாம் என்று தீர்மானம் போட்டார். அந்தக் குழுவில் தகட்டுக்காரர் இல்லை. தகட்டுக்காரர் என்று கூப்பிடுவதும் மெல்ல நின்று, அவரும் எல்லோரையும்போல் அண்ணே என்றும் மாமா என்றும் ஆனார். பொய்த் தகட்டின் ரிவெட்டுகளைத் துளை போட்டு எடுத்ததும் அவரேதான். தகடு கழன்று மண்ணில் விழுந்த மறுநாள் கம்பியில் கயிறு இல்லை. ஆனால் கையும் இல்லை.

அவர் மனைவி வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினாள். அவரும் கூட நடந்தார். முதலில் கொஞ்சம் பின்னால், பிறகு பக்கத்தில். பட்டறையில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர், செய்ய ஒன்றும் இல்லாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு மழைக்காலம் இப்படியே போனது. வாரங்கள் போகப் போக அவருக்குச் சங்கத்தின் ஞாயிறுகள் மறந்து, இந்த நிற்பதே ஒரு வேலையாகிவிட்டது. யாருக்காகவும் எதையும் பழுது பார்க்காமல் வெறுமனே கூட நிற்பதும் ஒரு வேலைதான் என்று அந்த வயதில்தான் அவருக்குப் பிடிபட்டது. அப்படி ஒரு மத்தியானம், அவள் கால் வலிக்க நின்றபடி, சும்மா தொங்கிய மறுகையால் எதையோ தேடுவதுபோல் காற்றைத் துழாவினாள். சுவரில் சாய்ந்துகொள்ளத்தான் தேடினாள் போலும். அவர் தன் கைகளை அவிழ்த்து, அந்தக் கையைப் பிடித்தார். கையில் இரும்பு எதுவும் இல்லாததால் முழுக் கையாலும் பிடிக்க முடிந்தது.

அவள் கம்பியைப் பிடித்திருந்த தன் கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு, “வந்திருச்சுங்க” என்றாள்.

அவர் அவசரமாக மறுகையை நீட்டிக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். “எனக்கு இன்னும் இரும்பாத்தான் இருக்கு” என்றார். குரலில் பழைய புளிப்பு கொஞ்சம் இருந்தது. அது முழுதும் போய்விட்டதாகச் சொன்னால் அதுவும் பொய்ப் பெயர் வைத்ததுபோல் ஆகிவிடும்.

“இருந்துட்டுப் போகட்டும். இந்தக் கையை விட்றாதீங்க, அது போதும்” என்றாள் அவள்.

செய்தி அன்று மாலைக்குள் தெரு முழுக்கப் பரவியது. நேர்காணலுக்குப் போகிறவர்களும் ரிப்போர்ட் வாங்கி வந்தவர்களும் மறுபடி வந்தார்கள். சகலை மறுபடி தண்ணீர் வைத்தார். இதற்கெல்லாம் பிறகு ஒரு விஷயம் வெளியே வந்தது. கம்பி வெறும் இரும்பாகத் தெரிந்தது அவர் ஒருவருக்கு மட்டுமல்ல. வெட்கப்பட்டுக்கொண்டு, பிடித்ததுபோல் பாவனை செய்து போனவர்கள் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள்; காய்கறிக்காரர்கூட முதல் சில நாள் அப்படித்தானாம். இப்போது யாரும் பாவனை செய்வதில்லை. இரும்பாகத் தெரிகிறவர்கள், முன்னால் நிற்பவரின் சும்மா இருக்கும் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்படிப் பிடித்தால் கொஞ்சம் வந்து சேர்கிறது என்று சிலர் சொல்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள், ஆனால் யாரும் விடுவதில்லை. பிறகு வந்த ஆண்டுகளில் குழு பலமுறை கூடி அந்தக் கம்பி என்னவாக இருக்கும் என்று பேசி, முடிவுக்கு வராமல் கலைந்திருக்கிறது. பழைய தகட்டுக்காரரைக் கேட்டால், தெரியாது என்று சந்தோஷமாகச் சொல்வார். அவரும் மனைவியும் மட்டும் ஒரு நாளும் தவறாமல் வந்தார்கள், மழை நாள் உட்பட. அவளுக்கு ஒரு கை கம்பியிலும் மறுகை அவரிடமும் இருந்தது. அவருடைய இன்னொரு கையை, பின்னால் நிற்கும் யாராவது முன்பின் தெரியாதவர்கள்கூட, பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் மழை வந்தால், ஒரு கை சும்மா இருக்கும் வரிசையின் கடைசி ஆள்தான், பிடித்த கையை விடாமல் வளைந்து முன்னால் வந்து குடை பிடிக்க வேண்டும் என்பது அந்தத் தெருவில் வழக்கமாயிற்று.